தெரியாதவர்களின் கை

எல்லாக் கைகளும் எழுந்தாயிற்று. கேள்வி இன்னும் முடியவில்லை, "தண்ணீரைச் சூடாக்கினால்" என்று ஜெபமலர் ஆரம்பித்து அடுத்த சொல்லுக்கு மூச்சு எடுப்பதற்குள் ஆறாம் வகுப்பு ஆ பிரிவு மொத்தமும் கையைத் தூக்கிவிட்டது, ஒரு பிள்ளை பாக்கி இல்லை, அவ்வளவு அறிவு. நான் கடைசி பெஞ்சில் இருக்கிறேன். சின்னப் பிள்ளைகளுக்காகச் செய்த பெஞ்ச், முழங்கால் முன்னால் இடிக்கிறது, ஓய்வு பெறப் போகிற ஒரு பேராசிரியை இப்படி ஒடுங்கி உட்கார்ந்துதான் வருங்கால ஆசிரியர்களை அளக்க வேண்டியிருக்கிறது. மடியில் மதிப்பீட்டுத் தாள். பாடத்தைத் தொடங்கும் திறன், விளக்கும் திறன், வினா எழுப்பும் திறன், ஊக்கப்படுத்தும் திறன், ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். ஜெபமலர் எங்கள் கல்லூரிப் பிள்ளை இல்லை. அவளுடைய பி.எட். செய்முறைத் தேர்வுக்கு நான் வெளியிலிருந்து வந்த தேர்வாளர், அதனால் என் பக்கம் திரும்பாமலே பாடம் நடத்துகிறாள். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, மடிப்புக்கு மடிப்பு பின். நேற்றே இதே பாடத்தை இதே பிள்ளைகளுக்கு நடத்தி ஒத்திகை பார்த்திருப்பாள். எல்லாரும் பார்ப்பார்கள், என் காலத்தில் நானும் பார்த்தேன், அதற்குத் தாளில் கட்டம் கிடையாது. ஜெபமலர் யாரைக் கேட்கலாம் என்று யோசிப்பது போல நடித்து ஒரு பையனை எழுப்புகிறாள், அவன் "ஆவியாகும் டீச்சர்" என்கிறான், வெரி குட் என்கிறாள். அடுத்த கேள்வி, மறுபடி எல்லாக் கையும், இன்னொரு பிள்ளை எழுகிறது, அதுவும் சரி. எழுகிற பிள்ளைகள் எல்லாம் வலது கையைத் தூக்கியவை. மற்றவை இடது கை. பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. இன்றைக்கு ஒரு நாளாவது தெரியாமல் இருந்திருக்கலாம்.

தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை, யாரும் சும்மா இருக்கக் கூடாது. பின்னால் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு வகுப்பே தெரிந்து வைத்திருப்பதாகத் தோன்றும், கேட்கிறவளுக்கு யாரை எழுப்பலாம் என்று தெரியும். இந்த ஏற்பாடு எந்தப் புத்தகத்திலும் இல்லை, எந்தக் கல்லூரியிலும் நாங்கள் சொல்லித் தருவதில்லை, ஆனாலும் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் எனக்கு முன்னால் அது போய்ச் சேர்ந்திருக்கிறது. எனக்கு முதலில் இதைக் காட்டியவர் சிவதாணு, என் வீட்டுக்காரர். கல்யாணமான புதிது, நான் எம்.எட். முடித்த தோரணையில் இருந்தேன், அவர் பத்தாவதுக்கு மேல் ஆசிரியர் பயிற்சி மட்டும் படித்துவிட்டு பாளையங்கோட்டையில் ஒரு நடுநிலைப் பள்ளியில் நாலாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். அவர் பள்ளிக்கு ஆய்வு அலுவலர் வந்த அன்று, சாப்பாட்டுத் தூக்கை மறந்துவிட்டுப் போனார் என்று கொடுக்கப் போய் ஜன்னலோரம் நின்றேன். இதே காட்சி. சாயங்காலம் வீட்டில் நான் ஆடித் தீர்த்துவிட்டேன், இதற்குப் பெயர் கற்பித்தலா, ஏமாற்று என்று. அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே சொன்னார். "யார ஏமாத்துதேன்? தெரியலன்னு அவன் எங்கிட்ட சொல்லத்தான செய்யுதான். மத்தவனுக்குத் தெரியாம சொல்லுதான், அவ்வளவுதான். ஏட்டி காந்தி, ஒரு பிள்ள மட்டும் கையக் கீழ போட்டுக்கிட்டு முழிக்கதப் பாத்துக்கிட்டு என்னால நிக்க முடியாது." நான் விடவில்லை. "சரி, தெரியலன்னு சொன்ன பிள்ளைக்கு அப்புறம் யாரு சொல்லிக் குடுக்கா?" என்றேன். நாளைக்கு நான்தான் என்றார். அந்த நாளை பல பிள்ளைகளுக்கு வந்தது, சில பிள்ளைகளுக்கு வரவே இல்லை. இடது கையைத் தூக்கிப் பழகிய ஒருத்தன் எட்டாம் வகுப்பு முடிகிற வரைக்கும் இடது கையைத்தான் தூக்கினான் என்று நானே கண்டுபிடித்துச் சொன்னேன், ஒரு நாள் முழுக்க அவர் என்னோடு பேசவில்லை. அவர் செய்ததுதான் சரி என்று இப்போதும் நான் சொல்ல மாட்டேன். சண்டை போட ஆள் இருந்தது, அதைச் சொல்கிறேன்.

அறிந்ததிலிருந்து அறியாததற்கு, எளியதிலிருந்து கடினத்திற்கு, கண்ணால் காண்பதிலிருந்து கருத்துக்கு. ஜெபமலர் அதைத்தான் இப்போது செய்கிறாள், ஃபிளாஸ்கிலிருந்து வெந்நீரை டம்ளரில் ஊற்றி மேலே ஒரு எவர்சில்வர் தட்டைக் கவிழ்க்கிறாள், பிள்ளைகள் எட்டிப் பார்க்கிறார்கள், நல்ல பிள்ளை, சொல்லிக் கொடுத்தபடியே போகிறாள். இந்த மூன்று விதியையும் வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப்போட்டு நான் சம்பளம் வாங்கியிருக்கிறேன். போன ஐப்பசி மாதம் ஒரு காலை குளித்துவிட்டு வந்த சிவதாணு வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு அதை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். என்ன என்று கேட்டேன். வாய் ஒரு பக்கமாகப் போயிற்று. மூளையின் இடப்பக்கத்தில் அடைப்பு என்றார்கள், வலது கையும் வலது காலும் போய்விட்டன, பேச்சும் போய்விட்டது. ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது, "அது". பசித்தாலும் அது, வலித்தாலும் அது, மழை பெய்தாலும் அது. நாற்பது பிள்ளைகளைக் கையைத் தட்டாமல், குரலை உயர்த்தாமல், கதை சொல்லியே உட்கார வைக்கிற மனுஷன். பேச்சு போனவர்களுக்கு எப்படிச் சொல்லித் தருவது என்று புத்தகங்கள் வரவழைத்தேன், அடிக்கோடிட்டுப் படித்தேன், அட்டையில் படம் வரைந்தேன், தினமும் சாயங்காலம் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுப் பாடம். கரண்டி, டம்ளர், வாழைப்பழம். அறிந்ததிலிருந்து அறியாததற்கு. அவருக்கு எது அறிந்தது, எது அறியாதது, அதுதான் எனக்குப் பிடிபடவில்லை, விதி என்னவோ சரியாகத்தான் இருக்கிறது.

அப்புறம் ஒரு சாயங்காலம் கரண்டியைக் காட்டி "இது கரண்டிதானே?" என்று கேட்டபோது அவருடைய இடது கை போர்வையை விட்டு மெல்ல எழுந்து காதளவுக்கு வந்து நின்றது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. "டம்ளர்தானே இது?" கை எழுந்தது. "நான் காந்திதானே?" கை எழுந்தது. அன்றைக்கு அக்கம்பக்கம் எல்லாருக்கும் சொன்னேன், அவருக்கு எல்லாம் புரிகிறது, வாய்தான் வரவில்லை, கையைத் தூக்கிப் பதில் சொல்கிறார் என்று. கல்லூரியில் சொன்னேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு அம்மாளிடம் கூடச் சொன்னேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை, பிள்ளை முதல் சொல் பேசினால் இப்படித்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார்கள் போலிருக்கிறது. இந்தத் திங்கட்கிழமை பேச்சுப் பயிற்சி தருகிற ஷாமிலாவிடமும் மறுபடி சொன்னேன். சின்னப் பெண், எனக்கு மகளாக இருக்கலாம், தன்மையாகப் பேசுவாள். இனிமேல் பயிற்சியைத் தொடர்வதில் பெரிசாகப் பலன் இருக்காது, வசதியாக வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், போதும் என்று தயங்கித் தயங்கிச் சொல்லிக்கொண்டிருந்தவள், நான் கையைப் பற்றிச் சொன்னதும் பேனாவை மூடிவிட்டுக் கேட்டாள். "மேடம், நீங்க கேட்டு அவர் கை தூக்காம இருந்தது எப்பவாவது உண்டா?" அவளே தொடர்ந்தாள். "தப்பா ஒண்ணு கேட்டுப் பாருங்க மேடம். அதுக்குத் தூக்கலைன்னா அவருக்குப் புரியுதுன்னு அர்த்தம். நாம தொடர்ந்து பண்ணலாம், நானே எழுதித் தரேன்." இதை எனக்கு அவள் சொல்ல வேண்டுமா. எல்லாப் பதிலும் ஆம் என்று வருகிற தேர்வு தேர்வே இல்லை என்று மதிப்பீட்டியல் தாளுக்கு நான்தான் பாடம் எடுக்கிறேன். படித்துப் பட்டம் வாங்கிப் பதவியில் உட்கார்ந்து, என் வீட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் மட்டும் நான் ஒரு நாளும் தப்பான கேள்வி கேட்கவில்லை. தெரிந்தேதான் கேட்கவில்லை.

டம்ளரிலிருந்து தட்டை எடுத்துத் திருப்பிக் காட்டுகிறாள், அடியில் முத்து முத்தாகத் தண்ணீர், பிள்ளைகள் "ஏ" என்கின்றன, அந்த ஒரு சத்தம் ஒத்திகையில் இல்லாதது, அதற்கு நான் மார்க் போட வேண்டும், பேனா எங்கே, கையில்தான் இருக்கிறது. காலையில் கேட்டேன். இன்றைக்குக் காலையில். அவரைப் பார்த்துக்கொள்ள வருகிற செல்வி இன்னும் வந்திருக்கவில்லை. இட்லியைப் பாலில் பிசைந்து ஊட்டிவிட்டு வாயைத் துடைத்துவிட்டு, கிளம்புகிற அவசரத்தில் கேட்டால் வலிக்காது என்று நினைத்தேனோ என்னவோ, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றபடியே கரண்டியைக் காட்டி "இது வாழைப்பழமா?" என்று கேட்டேன். கை எழுந்தது. சரியாகக் காதில் விழுந்திருக்காது. கரண்டியைக் கிட்டத்தில் கொண்டுபோய் "வாழைப்பழமா இது?" கை இறங்கி மறுபடி எழுந்தது. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். என்னால் நிறுத்த முடியவில்லை, பையைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்துக்கு நேரே குனிந்து கேட்டேன். "நான் உங்க தங்கச்சி சொர்ணமா?" கை எழுந்தது. காதளவுக்கு. கண் என் முகத்தில்தான் இருந்தது, அந்தப் பழைய கண்தான், ஒரு மாற்றமும் இல்லை அதில். செல்வி உள்ளே வந்து, "என்னம்மா, பஸ்ஸுக்கு நேரமாகலியா?" என்றாள். ஆமா நேரமாயிட்டு என்று வந்துவிட்டேன்.

இப்போது ஜெபமலர் மழை எப்படி வருகிறது என்று கேட்கிறாள், கைகள் எழுகின்றன, இடது கைகளைப் பார்க்கிறேன், தெரியாது, தெரியாது, தெரியாது. அப்போதுதான் அது வருகிறது எனக்குள், வரும் வழியெல்லாம் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழாமல் வந்தவளுக்கு இங்கே இந்த பெஞ்சில் வருகிறது. இடது கை. அவர் வகுப்பில் இடது கை என்றால் தெரியாது என்று அர்த்தம். கரண்டி வாழைப்பழமா, இடது கை. நீ சொர்ணமா, இடது கை. அவர் ஆம் என்று சொல்லவில்லை, ஒரு நாளும் சொல்லவில்லை, தெரியாது என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். மத்தவனுக்குத் தெரியாமல் எனக்கு மட்டும். அப்படியானால் கேள்வி புரிகிறது, தனக்குத் தெரியவில்லை என்பதும் புரிகிறது, வகுப்பும் ஏற்பாடும் நினைவிருக்கிறது, அவர் உள்ளே இருக்கிறார், ஷாமிலாவிடம் போய்ச் சொல்ல வேண்டும், எழுதித் தருகிறேன் என்றாளே. சொல்லிப் பார்க்கிறேன் மனசுக்குள். ஷாமிலா, என் வீட்டுக்காரர் வாத்தியார், அவர் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. அந்தப் பெண் தன்மையாகக் கேட்டுக்கொண்டு, தன்மையாகவே சொல்வாள், மேடம், அவருக்குத் தூக்க அந்த ஒரு கைதானே இருக்கிறது. ஆமாம். அந்த ஒரு கைதான் இருக்கிறது. வலது கையை நான்தான் தினமும் எடுத்து எண்ணெய் தேய்த்து மறுபடி மடியில் வைக்கிறேன். தெரிந்தால் எந்தக் கையைத் தூக்குவார். இல்லை, ஆனாலும் இடது. இல்லை. ஒரு கையை வைத்துக்கொண்டு இதை எந்தத் தேர்வாலும் பிரிக்க முடியாது, இப்படி ஒரு விடையைக் கொண்டுவந்து ஒரு மாணவி எழுதினால் சிவப்பு மையால் சுழித்துவிட்டு ஆதாரம் எங்கே என்று கேட்பேன். ஆனாலும் இடது. திரும்பத் திரும்ப அங்கேயே வந்து நிற்கிறேன், செக்கு மாடு கூட நடுவில் கொஞ்சம் நிற்கும்.

நேற்றுச் சாயங்காலம். அதை நினைக்கக் கூடாது. நேற்றுப் பாடத்துக்கு அட்டைகளை எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன், முதல் அட்டையைத் தூக்குவதற்கு முன்னாலேயே எனக்கு ஒன்றும் ஓடவில்லை, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். ஒன்றும் கேட்கவில்லை நான். கரண்டி இல்லை, டம்ளர் இல்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. நிமிர்ந்து பார்க்கையில் அவர் கையைத் தூக்கி வைத்திருந்தார். நான் பார்த்ததும் இன்னும் கொஞ்சம் உயர்த்தினார், விரல் நடுங்கியது. நரம்பு இழுக்கிறது என்று நினைத்துக்கொண்டு நானே பிடித்து இறக்கிவிட்டு விளக்கைப் போட எழுந்து போனேன். கேள்வியே இல்லாத இடத்தில் எதற்குக் கை. இதற்கு எந்த விதியில் இடம் இருக்கிறது, வலதும் இல்லை இடதும் இல்லை, தெரியும் தெரியாது எதுவுமே இல்லையே அங்கே. பாடம் முடியப் போகிறது, ஜெபமலர் வீட்டுப்பாடத்தைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறாள், நான் ஏதாவது எழுத வேண்டும், எல்லாக் கட்டமும் காலி. தேர்வாளர் கடைசியில் ஒரு கேள்வி கேட்கலாம், அது எங்கள் உரிமை, பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. எனக்கு ஏன் கேட்கத் தோன்றியது என்று தெரியவில்லை, கோபமாகக் கூட இருக்கலாம், யார் மேல் கோபம் என்று கேட்டால் அதற்கும் இடது கைதான். எழுந்துவிட்டேன்.

"நான் ஒரு கேள்வி கேக்கலாமாம்மா?" என்றேன். ஜெபமலருக்கு முகம் வெளுத்துவிட்டது. "கேளுங்க மேடம்" என்றாள். பெஞ்சுகளுக்கு நடுவில் வந்து நின்று பிள்ளைகளைப் பார்த்துக் கேட்டேன். "வீட்ல அம்மா சோறு பொங்குறப்போ மூடியத் திறந்தா மூடிக்கு அடியில தண்ணி நிக்குதே, அது எங்கேயிருந்து வந்துச்சு?" எல்லாக் கையும் எழுந்தது. வலது, வலது, இடது, வலது. மூன்றாம் பெஞ்சில் ஓரத்தில் ஒரு பிள்ளை, ரெட்டைச் சடை, ஒரு சடையில் நாடா அவிழ்ந்து தொங்குகிறது, மற்றவர்களை விட உயரமாகத் தூக்கியிருந்தது, உடம்பே பெஞ்சை விட்டு எழுந்திருந்தது, இடது கை. "நீ சொல்லு. உன் பேரென்ன?" "முத்துப்பேச்சி" என்றாள். அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து நின்றாள், கை மட்டும் மேலேயே நின்றது. தெரியாத பிள்ளைகள் நிற்கிற நிற்பை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன், தலை குனியும், காலால் தரையைத் தேய்க்கும், பக்கத்துப் பிள்ளையைப் பார்க்கும். இவள் அப்படி நிற்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. ஜெபமலரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பார்க்கப் பார்க்கக் கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள், விரல் நடுங்கியது. ஜெபமலரின் கண் கலங்கியிருந்ததை அப்போதுதான் நானும் கவனித்தேன். கேள்வி அந்தப் பிள்ளைக்குக் காதில் விழுந்ததா என்பதே சந்தேகம். அது தூக்கியிருந்தது எனக்காகவும் இல்லை, சோற்று மூடிக்காகவும் இல்லை.

கரண்டியை அவர் பார்க்கவே இல்லை. இத்தனை நாளும் நான் எதை நீட்டினாலும் அவர் கண் என் முகத்தில்தான் இருந்தது. என் வீட்டுக்காரருக்கு நான் யார் என்று தெரியாமல் இருக்கலாம், காந்தியோ சொர்ணமோ பெயரே இல்லாத யாரோ ஒருத்தியோ, ஆனால் எதிரில் ஒருத்தி உட்கார்ந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எதையோ கேட்டுக்கொண்டிருக்கிறாள், கையைத் தூக்கினால் அவள் முகம் சரியாகிறது, அது மட்டும் தெரிந்திருக்கிறது. அதனால் தூக்கியிருக்கிறார். சாப்பிட்டுக் களைத்த பிறகும் தூக்கியிருக்கிறார், தூக்கம் கண்ணைச் சுழற்றும்போதும் தூக்கியிருக்கிறார், நான் அட்டையை மாற்றி மாற்றிக் காட்ட மாற்றி மாற்றித் தூக்கியிருக்கிறார். இதை ஷாமிலாவிடம் சொல்ல முடியாது. சொன்னாலும் அவள் எழுதித் தர மாட்டாள், எழுதித் தரக் கூடாது, பயிற்சி முடிந்துவிட்டது. அவர் பேச மாட்டார். ஏட்டி காந்தி என்று இனிமேல் யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள்.

நான் மூன்றாம் பெஞ்சுக்குப் போனேன். "கைய எறக்கு பிள்ள" என்றேன். அவள் ஜெபமலரைப் பார்த்தாள், இறக்கவில்லை. "எவ்வளவு நேரந்தான் தூக்கிட்டே நிப்ப. வலிக்கும்லா." அப்போதும் இறக்கவில்லை. நானே அந்தக் கையைப் பிடித்துக் கீழே கொண்டுவந்தேன், சில்லென்று இருந்தது. "தெரியலன்னா தெரியலன்னு இரு. ஒண்ணும் இல்ல. யாரும் ஒன்ன ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றேன். முத்துப்பேச்சி குரலைத் தாழ்த்தி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "எங்க டீச்சருக்கு மார்க்கு போட்டுருவியளா?" என்று கேட்டாள். போட்டுவிடுவேன் என்றேன். அப்புறமும் அந்தக் கையை என்னால் விட முடியவில்லை.